மாமா பாராட்டிய ஹால்

அவனுக்குப் ‘பளிச்’ என்று பேர் வைத்தது, வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் அலுவலகத்தின் மேடம். வைத்த பேர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் யோசித்து வைத்த பேர் அடையாள அட்டையோடு நின்றுபோனது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நடந்துகொண்டே இருப்பான். அவன் படம் எடுத்தால் எந்த வீடும் பளிச்சென்று இருக்கும். குளியலறையைப் பார்த்தால் அங்கேயே குடித்தனம் நடத்தலாம் போலத் தோன்றும். “இவன் கையில குடுத்தா கரிக் கிடங்கைக்கூட வாடகைக்கு விட்டுடலாம்” என்று மேடம் வாய் நிறையச் சொல்வார்.

ஆள் மட்டும் பளிச்சென்று இருக்க மாட்டான். கசங்கிய சட்டை. தரையோடு தரையாக மண்டியிட்டு மண்டியிட்டு முட்டியில் வெளுத்துப்போன பேன்ட். தோளில் ஒரு பை, கையில் கேமராவை நிறுத்தும் ஸ்டாண்டு. வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் உடனே லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். அந்த லென்ஸ் அவ்வளவு சுத்தமாக இருந்ததற்கு அவனுடைய சொந்தக்காரர்கள்தான் காரணம்.

படிப்பு ஏறவில்லை. முதலில் ஒரு ஸ்டூடியோவில் விளக்குப் பிடித்தான், பிறகு கல்யாண வீடுகளில் கேமரா தூக்கினான். மனிதர்களைப் படம் எடுப்பது அவனுக்குச் சரிப்படவில்லை. சிரிக்கச் சொன்னால் முறைக்கிறார்கள், முறைத்த படத்தைக் காட்டினால் நீதான் சரியாக எடுக்கவில்லை என்கிறார்கள். வீடுகள் அப்படி இல்லை. வைத்த இடத்தில் இருக்கும், கண்ணை மூடாது. மேடத்தின் அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் அவனுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்தது.

வீட்டைப் படம் எடுப்பதில் ஒரே ஒரு தொல்லை உண்டு, அது ஜன்னல். நம் கண் கெட்டிக்காரக் கண். அறைக்குள் இருப்பதையும் பார்க்கும், ஜன்னலுக்கு வெளியே இருப்பதையும் பார்க்கும், இரண்டுக்கும் நடுவில் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளியே உள்ள மரத்தைக் காட்டச் சொன்னால் அறையைக் கரியாக்கிவிடும். அறையைக் காட்டச் சொன்னால் ஜன்னலைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக்கிவிடும். அதற்காகப் பளிச் ஒரே இடத்தில் ஸ்டாண்டை ஊன்றி, கேமரா இம்மியும் அசையாமல், அதே காட்சியை ஏழு தடவை எடுப்பான். முதல் படத்தில் வெளிச்சத்தை வேண்டிய மட்டும் குறைத்துக்கொள்வான். மரம் இலை இலையாகத் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. அடுத்தடுத்த படங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவான். கடைசிப் படத்தில் சோஃபாவுக்கு அடியில் உருண்டு கிடக்கும் பேனா மூடிகூடத் தெரியும். இதற்குப் பிராக்கெட் போடுவது என்று பேர். பிறகு கம்ப்யூட்டரில் ஏழையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மரத்தை முதல் படத்திலிருந்தும் மூலையைக் கடைசிப் படத்திலிருந்தும் எடுத்து ஒரே படமாக்குவான்.

“இதுல பொய்னு ஒண்ணும் இல்ல” என்பார் மேடம். “இல்லாத மரத்தையா நட்ட? இல்லாத லைட்டையா போட்ட? எல்லாம் அந்த ரூம்ல இருந்ததுதானே!” அவனும் அதை நம்பினான். நம்பினால்தானே அடுத்த வீட்டுக்குக் கிளம்ப முடியும்.

ஆனால் படத்தில் தெரியாத ஒன்று அவனுக்கு மட்டும் தெரியும். அந்தக் கடைசிப் படத்துக்குக் கேமராவின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது. வெளிச்சமான வீடு என்றால் கண் சிமிட்டுவதற்குள் மூடிவிடும். இருட்டு வீடு என்றால் திறந்தபடியே கிடந்து, இருக்கிற கொஞ்சம் வெளிச்சத்தையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டிருக்கும். வாடகைக்கு வருகிறவர்கள் தண்ணீர் வருமா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கீழ் வீட்டுக்கு அவன் போனது நல்ல வெயில் நேரத்தில். ரயில் பெட்டி மாதிரி நீளமான ஹால். கடைசியில் ஒரே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு மரம், மரத்துக்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய கட்டடம். மரத்தின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழாவது படத்துக்குப் பட்டனை அமுக்கிவிட்டுக் கொட்டாவி விட்டான். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். மடித்துப் பையில் வைத்தான். அப்புறம்தான் ஷட்டர் மூடியது. ‘இங்க யார் வந்து மாட்டப் போறாங்களோ’ என்று நினைத்துக்கொண்டான்.

நினைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். கஷ்டமான அறை என்றால் அவனுக்குக் கை அரிக்கும். அன்று சாயங்காலம் முழுக்க அந்த ஹாலோடு மல்லுக்கட்டினான். மூலைகளைத் துலக்கினான், தரையில் ஒரு மினுமினுப்பை வரவழைத்தான், ஜன்னலில் மரத்தை அழகாக உட்கார வைத்தான். கடைசியில் தன் படத்தைத் தானே எட்ட நின்று பார்த்து, ‘பரவாயில்லையே’ என்று சொல்லிக்கொண்டான். மேடம் அதை அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் முதலில் போட்டார்.

அக்காவும் மாமாவும் அப்போது வேறு ஊரில் இருந்தார்கள். அக்காவைக் கட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குள் வந்தபோது பளிச் பள்ளிக்கூடம் போகிற வயது. மாமா தையல் தொழிலில் கட்டிங் மாஸ்டர். கோட்டுத் துணியை விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, கத்தரியை உள்ளே விட்டாரென்றால் ஒரே ஓட்டம். நடுவில் நிறுத்திப் பார்த்து யோசிக்கிற வழக்கமே இல்லை. பளிச்சுக்குப் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து முதல் வேலைக்குப் போட்டுப்போன பேன்ட் வரை மாமா தைத்ததுதான். கை தாராளம், வாய்தான் பொல்லாதது. “உன் தம்பிக்குப் பட்டன் அமுக்கறதுக்கு ஒரு சம்பளமாம். நான்கூடத்தான் தினம் பட்டன் வைக்கிறேன், எனக்கு யாரு கேமரா குடுத்தா?” என்று அக்காவைச் சீண்டுவார். அக்கா தம்பிக்காகச் சண்டைக்கு நிற்பாள். பளிச் சிரித்து மழுப்புவான். உள்ளுக்குள் சிரிப்பு வராது. எத்தனையோ பேர் அவன் படத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். அது எதிலும் அவனுக்கு வயிறு நிறைந்ததில்லை.

மாமாவுக்குக் கண்ணில் ஒரு கோளாறு இருந்தது. குடும்பத்தில் வழிவழியாக வருவது. நல்ல வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோப்பார். வெளிச்சம் குறைந்தால் எதிரில் நிற்கும் அக்காவைக்கூடக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். பளிச் இருக்கும் ஊரில் ஒரு பெரிய துணிக்கடைக்காரர் அவருடைய கைவேலை தெரிந்து கூப்பிட்டிருந்தார். கடைக்கே வர வேண்டாம், துணி வீட்டுக்கு வந்துவிடும், பகல் வெளிச்சத்தில் வெட்டிக் கொடுத்தால் போதும் என்று ஏற்பாடு. குடியிருந்த பழைய கட்டடத்தையும் இடிக்கப் போகிறார்கள். இனி வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வெளிச்சமான வீடு.

ஒரு நாள் மாமாவே கூப்பிட்டார்.

“மாப்ளே, நெட்ல உங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு வீடு பாத்தோம். கீழ் வீடு, ஜன்னல்ல மரம் தெரியுது. அந்தப் படம் யாரு எடுத்தது?”

“நான்தான் மாமா.”

“நெசமாவா? நான் யாரோ பெரிய ஆளுன்னு நினைச்சேன். மூலை முடுக்கெல்லாம் தெரியுதேடா! எனக்கே தெரியுதுன்னா பாத்துக்கோயேன். அந்தத் தரையில கோட்டுத் துணிய விரிச்சா நூல் ஓட்டம்கூடத் தெரியும் போலிருக்கு. இத்தன வருஷமா உன்னைப் பட்டன் அமுக்கறவன்னு சொன்னேன் பாரு, அதை வாபஸ் வாங்கிக்கிறேன்.”

பளிச்சுக்குக் காது சூடானது. எந்த வீடு என்று அவனுக்குத் தெரியும். கழுத்தைத் துடைத்ததும் கைக்குட்டையை மடித்ததும் நன்றாக நினைவிருந்தது. அதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டாள்.

“டேய், நேர்லயும் இப்படித்தானே இருக்கும்? வந்து பாக்க நேரமில்லடா. அவருக்கு வெளிச்சம்தான் எல்லாமே, உனக்கே தெரியும்.”

‘அக்கா, அது இருட்டு வீடு.’ நாலே வார்த்தை. சொல்லியிருந்தால் வேறு வீடு பார்த்திருப்பார்கள். மாமா இரண்டு நாள் கிண்டல் செய்துவிட்டு மறந்திருப்பார். ஆனால் மாமாவிடமிருந்து வாழ்நாளில் முதல் தடவையாகக் கிடைத்த பாராட்டை வாங்கிய சூட்டோடு திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

“படத்துல இருக்கறதுதான்க்கா” என்றான்.

அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருந்தால் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பான். நாளைக்குச் சொல்லிவிடலாம், முதலில் மேடத்திடம் வீடு போய்விட்டது என்று சொல்லச் சொல்லலாம், இல்லாவிட்டால் நாலு விளக்கு வாங்கி மாட்டிவிடலாம் என்று என்னென்னவோ கணக்குப் போட்டான். மறுநாள் காலையில் அவன் அலுவலகத்துக்குப் போனபோது, “உங்க அக்கா அட்வான்ஸ் அனுப்பிட்டாங்க பளிச், எல்லாம் உன் படம் பேசினது!” என்று மேடம் எழுந்து வந்து கை கொடுத்தார். அவனும் கை கொடுத்தான்.

சாமான் வந்து இறங்கிய அன்று மாமா வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றார். வெயிலிலிருந்து வந்தவர். உள்ளே ஒரு காலை வைத்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“வெளிச்சம் எப்படி இருக்கு?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

அக்கா ஹாலைப் பார்த்தாள். பிறகு அலமாரியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தம்பியின் மானம் போகிற எந்த இடத்திலும் அவள் குறுக்கே வந்து நின்று பழகியவள். அன்றும் வந்து நின்றாள்.

“படத்துல பாத்த மாதிரியேதாங்க இருக்கு. நல்லா பளிச்சுனு இருக்கு.”

மாமா ‘ம்’ என்றார். அவ்வளவுதான். பளிச்சுக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. அலமாரியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, மாமா இன்னும் நிலையை விடாமல் நிற்பதைப் பார்த்தான், அந்த அப்பாடா அதோடு போனது.

அக்கா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவன் அந்த வீட்டுக்குப் பகலில் போவதை நிறுத்திக்கொண்டான். எல்லா வீட்டிலும் விளக்குப் போடும் நேரத்தில்தான் போவான், அப்போது எந்த ஹாலும் ஒரே மாதிரிதான். ஒரு தடவை பெரிய விளக்கு ஒன்றை வாங்கிப் போய், “ஸ்டூடியோல சும்மா கெடந்தது மாமா” என்று மூலையில் வைத்தான். அடுத்த தடவை போனபோதும் அது சுற்றிய காகிதம் பிரிக்காமலே இருந்தது.

“பகல்ல எதுக்கு மாப்ளே லைட்டு? உன் படத்துலதான் நான் பாத்தேனே” என்றார் மாமா. கிண்டலாகச் சொல்கிறாரா என்று பளிச் அவர் முகத்தைப் பார்த்தான். கிண்டல் இல்லை.

வேலையிலும் கை ஓடவில்லை. ஏதாவது ஒரு வீட்டில் ஷட்டர் மூட நேரமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். படங்களைச் சேர்க்கும்போது மூலைகளை இருட்டாகவே விட்டான். “என்ன பளிச், பவர் கட்டா?” என்று மேடம் கேட்டார். “ரூமே அப்படித்தான் மேடம்” என்றான். “ரூம் எப்படின்னு காட்டறதுக்கா உனக்குச் சம்பளம்?” என்றார் அவர்.

இப்படியே வாரங்கள் போயின. ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

“அவர் கோட்டுத் துணிய தப்பா வெட்டிட்டார்டா. சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ள தள்ளி வெட்டிட்டார். கைப்பக்கம் முழுசும் போச்சு. கடைக்காரர் ஒண்ணும் சொல்லல, போனாப் போகுது மாஸ்டர்னுட்டார். இவர்தான் மிச்சத் துணி, கத்தரி, டேப்பு எல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டார். கண்ணு போயிடுச்சுங்கறார்டா.”

பளிச் ஒரு வீட்டின் நடுவில், ஸ்டாண்டை ஊன்றிய நிலையில் நின்றிருந்தான். அப்படியே மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மாமா சுவரைத் தொட்டபடி நடந்துகொண்டிருந்தார். ஜன்னல் வரை போனார், திரும்பினார், நாற்காலியைக் கையால் தடவிக் கடந்தார். கண் இரண்டையும் மூடியிருந்தார்.

“மாமா?”

“மாப்ளேயா? வா, வா.” கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “பழகிக்கிறேன். திடீர்னு ஒரு நாள் பழகச் சொன்னா முடியாது பாரு. சமையல்கட்டு வரைக்கும் இடிக்காம போயிட்டேன். உங்க அக்காதான் நடுவுல வாளிய வெச்சுச் சதி பண்ணிட்டா.”

பளிச் பையைக் கீழே வைத்துவிட்டு, “டாக்டர்கிட்ட போனீங்களா?” என்று கேட்டான்.

“தெரிஞ்ச விஷயத்துக்கு டாக்டர் எதுக்கு? பழைய ஊர் டாக்டர் எப்பவோ சொல்லிட்டார். இது ஒரே நாள்ல போகாது, ஆனா ஒரு அடையாளம் காட்டும்னார். நல்லா வெளிச்சம் இருக்கற ரூம்ல, பட்டப்பகல்ல, உங்களுக்கு லைட்டு தேவைப்பட்டா அன்னியோட கத்தரிய வெச்சுடுங்க, கைய வெட்டிப்பீங்கன்னார். உங்க அக்காகிட்ட இத நான் சொல்லல, பயந்துடுவா. வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு மாப்ளே. இவ பளிச்சுனு இருக்குங்கறா. படத்துலயும் நானே பாத்தேன், மூலை வரைக்கும் தெரிஞ்சுது. இங்க வந்து நின்னா எனக்கு ஒண்ணும் தெரியல. வீடு அதேதான். அப்ப என்ன அர்த்தம்?”

சமையலறை வாசலில் வந்து நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா தொடர்ந்தார். “அப்பவும் ஒரு நப்பாசை. லைட்டப் போடாம ஒப்பேத்திப் பாப்போம்னு தடவித் தடவி வெட்டினேன். ஒருத்தரோட கோட்டுத் துணி நாசமாச்சு. அதான், போதும்னு வெச்சுட்டேன்.”

இருட்டு வீட்டில் ஒரு மனிதரைக் கொண்டுவந்து விட்டுவிட்டோம் என்றுதான் பளிச் இத்தனை நாளும் வெந்துகொண்டிருந்தான். அது சின்னக் குற்றம் என்று இப்போது தெரிந்தது. அவருடைய கண்ணை அவரே நம்பாதபடி செய்திருந்தான். தான் குருடாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் வாரக்கணக்கில் இந்த ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த நேரத்தில் அவன் சாயங்காலமாக வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

“மாமா, அந்தப் படம் பொய்” என்றான். சொல்லும்போதே அழுகை வந்தது. “வீடு இருட்டு மாமா. உங்க கண்ணு இல்ல, வீடுதான் இருட்டு.”

“என்னடா உளர்ற?”

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். அந்த ஹாலின் ஏழு படங்களும் அதில் இருந்தன. அழிக்கவும் மனசு வராமல், திறக்கவும் தைரியம் வராமல் வைத்திருந்தான். நடுப் படத்தைத் திறந்தான். எந்தச் சேர்க்கையும் செய்யாமல், ஒரே ஒரு தடவை ஷட்டர் திறந்து மூடிய படம். மாமாவின் மடியில் வைத்தான்.

மாமா முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனார். “கருப்பா இருக்கு. மூலையில ஏதோ வெள்ளையா இருக்கு, ஜன்னலா?” பிறகு தலையைத் தூக்காமலே, “ஏம்மா, இங்க வா. உனக்கு என்ன தெரியுது?” என்றார்.

அக்கா குனிந்து பார்த்தாள். “எனக்கும் கருப்பாத்தாங்க இருக்கு.”

“உனக்குமா?”

“எனக்கும்தான். இந்த ஹாலே எனக்குக் கருப்பாத்தான் இருக்கு. நான் பகல்ல சமையல்கட்டுல லைட்டு போட்டுக்கிட்டுத்தான் காய் நறுக்கறேன். வந்த அன்னிக்கு இவன் முகத்தப் பாத்தேன். நீங்க இவனைக் கிண்டல் பண்ணுவீங்கன்னு பளிச்சுனு இருக்குன்னுட்டேன். அத நீங்க இப்படி எடுத்துப்பீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?” சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடிப்பார் என்று பளிச் நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தான். மாமா எழுந்து சட்டைப் பையைத் தடவினார். தேய்ந்துபோன ஒரு துண்டுச் சுண்ணாம்புக் கட்டி அகப்பட்டது. “ஏதாவது கருப்புத் துணி குடு” என்றார். அக்கா தன் பழைய போர்வையை எடுத்துக் கொடுத்தாள்.

பொது மாடிப்படியின் திருப்பத்தில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது. மாமா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். அங்கே கீழே உட்கார்ந்து போர்வையை விரித்தார், கையால் நீவினார், கோடு போட்டார். தோள், கைக்குழி, இடுப்பு வளைவு என்று ஒரு முழுக் கோட்டின் முதுகுப் பக்கத்தை நிறுத்தாமல் போட்டார். போட்டுவிட்டு விரலால் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே, கொஞ்சமும் விலகாமல், திரும்ப ஒரு சுற்று வந்தார்.

“தெரியுதே” என்றார். “மாப்ளே, தெரியுதுடா!”

பளிச்சின் கையைப் பிடித்து இழுத்து, அவன் சட்டையின் தோள்பட்டையைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். “இது எவன் தைச்சது? ஒரு பக்கம் தூக்கியிருக்கு, கண்ணில்லாதவன்கூட இதைவிட நல்லா தைப்பான்” என்று சத்தமாகச் சிரித்தார். மேல் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். மாமா அவர்களுக்கும் ஒரு வணக்கம் போட்டார். நல்ல சேதி கொண்டுவந்தவனைத் தட்டுவது போல மாமா அவன் முதுகைத் தட்டியபோதுதான் பளிச்சுக்குத் தாங்க முடியவில்லை.

“திட்டுங்க மாமா” என்றான்.

“இன்னிக்கு முடியாது, இன்னிக்கு நான் சந்தோஷமா இருக்கேன். உன்னை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காத. நாளைக்கு வா, உக்காந்து நிதானமா திட்டறேன்.”

மறுநாள் அவன் வேலைக்குப் போகாமல் நேராக அங்கே போனான். மாமா இல்லை. அக்கா மட்டும், காகிதம் பிரித்துவிட்ட விளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நேத்தே கடைக்காரருக்குப் போன் பண்ணினார்” என்றாள். “கண்ணு நல்லாத்தான் இருக்குன்னார். அவர் நம்பல. ‘நீங்களேதானே மாஸ்டர் கண்ணு போச்சுன்னீங்க? விலை ஒசந்த துணிய நான் எந்த தைரியத்துல குடுப்பேன்’னுட்டார். வேற ஆளும் போட்டாச்சாம். அதான், காலையில குளிச்சு நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு, கடை கடையா கேட்டுப் பாக்கறேன்னு கிளம்பிட்டார். நான் வரேன்னேன், பொண்டாட்டி கையப் பிடிச்சுக்கிட்டுப் போனா எவன் நம்புவான்னு தனியாப் போயிட்டார்.”

வேலை கேட்டு மாமா யார் கடைப் படியும் ஏறியதில்லை. கடைக்காரர்கள்தான் அவரைத் தேடி வருவார்கள். பளிச் நாற்காலியில் உட்காராமல் கதவருகே நின்றான். அக்காவும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போய்த் தேடலாமா என்று அவன் கேட்டான், வேண்டாம் என்றாள் அக்கா.

வெயில் நன்றாக ஏறிய பிறகு மாமா வந்தார். நல்ல சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

“எல்லாக் கடையிலயும் தெரிஞ்சிருக்கு” என்றார். “மாஸ்டருக்குக் கண்ணு போயிடுச்சாமே, பாவம்னு உக்கார வெச்சு ஜூஸ் வாங்கிக் குடுக்கறாங்க. ஒருத்தன் வழிச் செலவுக்குன்னு கையில எதையோ திணிக்கறான். வெட்டிக் காட்டறேன் ஒரு துணி குடுன்னா, எதுக்கு மாஸ்டர் வீண் சிரமம்கிறான்.”

சொம்பைக் கீழே வைத்தார். நேராக வந்து பளிச்சின் எதிரில் நின்றார். அவன் முகம் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் நின்றார்.

“இப்ப திட்டட்டுமா?”

“திட்டுங்க மாமா.”

மாமா வாயைத் திறந்தார். அந்தப் பொல்லாத வாய்க்கு அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை. பளிச் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான்.